தட்டச்சில் விடுபட்ட வரி

கணக்குச் சரியாக இருக்கிறது என்று சொன்னேன். அது சரியாக இல்லை. சரியாக இல்லை என்பதைத் தெரிந்துகொண்டேதான் சொன்னேன்.

இனி நான் சொல்லப்போகிறவை எல்லாம் விவரங்களே. ஆனால் அந்த விவரங்களுக்குள் ஒரு இளைஞன் இறந்து கிடக்கிறான். இன்னொருவர் தாம் செய்யாத குற்றத்தைத் தம்முடையது என்று நம்பிக்கொண்டு வாழ்கிறார். ஆகவே, பொறுமையோடு கேளுங்கள். என்னைத் தேற்ற வேண்டாம். அதற்காக நான் எழுதவில்லை.

நான் பௌதிகத்தில் பட்டம் பெற்றவள். தாம்பரத்தில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஆசிரியை. சனிக்கிழமைகளில் குரோம்பேட்டையில், தோல் பதனிடும் தொழிலாளர் குடியிருப்பில், பெண்களுக்கு எழுத்தறிவு வகுப்பு நடத்துவேன். 'எதையும் செய்வதற்கு முன் அதனால் யாருக்கு என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்' என்று மாணவிகளுக்கு வாரம் ஒருமுறையாவது சொல்வேன். சிரிக்கிறீர்களா? சிரியுங்கள்... எனக்கும் அந்த வாக்கியம் இப்போது அப்படித்தான் கேட்கிறது.

ஆல்பர்ட் எங்கள் திருச்சபையைச் சேர்ந்தவர். விமானப்படையில் போர் விமானி. அறுபத்தைந்துப் போர் முடிந்த மறு ஆண்டு, இளம் விமானிகளுக்குக் கற்றுக்கொடுப்பதற்காகத் தாம்பரத்துக்கு வந்திருந்தார். ஞாயிறு வழிபாட்டில் பாடகர் குழுவின் பின்வரிசையில் நிற்பார். சட்டைக் காலர் எப்போதும் ஒரு பக்கம் மடங்கியிருக்கும். அதைச் சரிசெய்ய வேண்டும் என்று ஓராண்டு முழுவதும் என் விரல்கள் துடித்தன. ஒருமுறைகூடச் செய்யவில்லை.

அவருக்குப் பேச வேண்டுமானால் இரண்டு கைகளும் வேண்டும். வலக்கை ஒரு விமானம்; இடக்கை ஒரு விமானம். ஒன்றின் வாலை மற்றொன்று துரத்தும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்தக் கைகள் சுழலும்போது அம்மா ரசக் கிண்ணத்தை நகர்த்தி வைப்பாள்.

சபையார் எல்லோரும் ஒருமுறை கோவளம் கடற்கரைக்குச் சென்றோம். அங்கேதான் நெருக்கச் சண்டை என்றால் என்ன என்று எனக்குக் கற்றுக்கொடுத்தார்.

"நீ என் எதிரி, ரூத். ரெண்டு பேரும் வட்டமா நடப்போம். என் முதுகுப் பக்கம் வந்துட்டா நீ ஜெயிச்சே."

"ஐயோ, எல்லாரும் பார்க்கறாங்க!"

"பார்க்கட்டும். நீ என்னைப் பாரு. நான் கண்ணை விட்டு மறைஞ்சேன்னா அப்புறம் அது சண்டை இல்ல, வேட்டை."

நடந்தோம். மணலில் இரண்டு வட்டங்கள் விழுந்தன. சின்ன வட்டம் போடுகிறவர் மெல்ல மெல்ல அடுத்தவரின் பின்னால் வந்துவிடுகிறார். ஆனால் இறுக்கித் திரும்பத் திரும்ப வேகம் செத்துப்போகிறது. வேகம் செத்தால் உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்க வேண்டும். இரண்டும் தீர்ந்துவிட்டால்... உள்ளங்கையைக் கீழே கவிழ்த்துக் காட்டினார்.

மீன் கூடையோடு போய்க்கொண்டிருந்த ஒரு பெண் நின்று எங்களைப் பார்த்தாள்.

"இன்னா சார், ரெண்டு பேரும் செக்கு சுத்திகினு கீறீங்க? எண்ணெ படி இன்னா வெல?"

ஆல்பர்ட் வாய்விட்டுச் சிரித்தார். நான் வெட்கத்தால் நின்றுவிட்டேன். நின்றதும் அவர் என் பின்னால் வந்து, ஒரு விரலால் என் தோளைத் தொட்டு, "சுட்டுட்டேன்" என்றார். அவர் என்னைத் தொட்டது அந்த ஒருமுறைதான். ஒரு விரல்... ஒரு நொடி... அதை இன்றும் இடம் மாறாமல் காட்டுவேன்.

பிறகு, பின்னால் எதிரி வந்துவிட்டால் தப்பிப்பதற்குத் தாம் கண்டுபிடித்து வைத்திருந்த வழியைக் கைகளால் காட்டினார். விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, மூக்கைத் தரையை நோக்கி இழுத்து, அரைவட்டமாய் இறங்கி, எதிர்த் திசையில் நிமிர்வது. துரத்தி வந்தவன் வேகத்தில் நேரே போய்விடுவான். அரைவட்டம் முடிந்து நீங்கள் நிமிரும்போது வானம் உங்களுடையது. பயிற்சிச் சண்டைகளில் இரண்டு முறை இப்படிச் செய்து வென்றிருந்தார். தலைகீழாகப் புரள்வது பழைய வித்தைதான். மற்றவர்கள் வெகு உயரத்தில் மட்டும் செய்யத் துணிவதைத் தாழ்வான உயரத்திலும் செய்யலாம் என்பதே அவருடைய புதுமை.

"ஐயாயிரம் அடி இருந்தா போதும்" என்றார். "நாலாயிரம் இறங்கும். ஆயிரம் மிச்சம்."

சில வாரங்களுக்குப் பின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழிபாடு முடிந்து வீட்டுக்கு வந்தவர், நெருக்கச் சண்டை உத்திகளைப் பற்றித் தாம் ஆங்கிலத்தில் எழுதிய குறிப்புகளை மேசைமேல் வைத்தார். கடைசி நான்கு பக்கங்கள் அந்தத் தலைகீழ் இறக்கத்தைப் பற்றியவை.

"இதை வெளியாள்கிட்ட காட்டவே கூடாது. ஆனா எனக்குக் கணக்கு வராது. நீ ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டு, அப்படியே டைப் அடிச்சுக் குடுத்துடு ரூத்."

"நான் வெளியாள் இல்லையா?"

"நீயா?" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அம்மா அடுக்களையிலிருந்து, "கல்யாணம் ஆனவங்கதான் புருஷனுக்குக் கணக்குப் பார்ப்பாங்க. இங்க எல்லாமே தலைகீழ்!" என்றாள். அவர் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

எழுந்து போகும்போது, ஏதோ மழை வரும் என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்: "இது எங்க கமாண்டர் பெரியவருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா என்னை இங்கேயே வெச்சுப்பாங்க. இல்லேன்னா அடுத்த மாசம் எல்லைக்கு."

எல்லை! போர் முடிந்து ஓராண்டே ஆகியிருந்தது. அடுத்தது எப்போது என்று டீக்கடைகளில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

மூன்று நாள் கணக்குப் போட்டேன். முதல் நாளே தெரிந்துவிட்டது.

கீழ்நோக்கி வளைகிற விமானம் விழ விழ வேகம் கூடும். வேகம் கூடக் கூட வட்டம் பெரிதாகும். வேகம் இரட்டித்தால் வட்டம் நான்கு மடங்கு. பள்ளிப் பிள்ளைகளுக்கே நான் கற்பிக்கிற பாடம் அது. ஆல்பர்ட் தம் கையால் செய்த இரண்டு முறையும், நெடுநேரம் சுற்றிச் சுற்றி வேகம் குறைந்துபோன நிலையில் புரண்டிருக்கிறார். ஆகவே நாலாயிரம் அடி போதுமாயிருந்தது. வேகம் குறையாமல், சண்டையின் முதல் சுற்றிலேயே ஒருவன் புரண்டுவிட்டால்? மீண்டும் மீண்டும் போட்டுப் பார்த்தேன். ஐயாயிரத்துக்குச் சற்றே மேலே வந்தது. ஒவ்வொரு முறையும்!

அதாவது ஐயாயிரத்திலிருந்து புரண்டால், தரை.

பென்சிலால் ஓரத்தில் ஒரு வரி எழுதினேன்: ஐயாயிரம் அடியில் வேகம் குறைந்தபின் மட்டுமே; இல்லையேல் எட்டாயிரம் அடிக்குக் கீழே இதைச் செய்யலாகாது.

எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்வான உயரத்தில் செய்யலாம் என்பதுதானே அந்தக் குறிப்புகளின் பெருமையே! இந்த வரி சேர்ந்தால் அதில் என்ன மிஞ்சும்? பெரியவர் புரட்டிப் பார்த்து, நல்ல முயற்சி என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆல்பர்ட் எல்லைக்குப் போய்விடுவார்.

சண்டை என்றால் வேகம் குறையாமலா இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவரே அப்படித்தானே சொன்னார்? முதல் சுற்றிலேயே எவன் புரளப்போகிறான்? கணக்கு என்பது காகிதம். பறக்கிறவனுக்குக் கண்ணும் கையும் இருக்கின்றன... இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டேன். நம்பினேனா? இல்லை. நம்பவில்லை. நம்பியிருந்தால் இன்று உங்களிடம் பேச எனக்கு எதுவும் இருந்திராது.

பென்சில் வரியை ரப்பரால் அழித்தேன். காகிதம் சற்று மெலிந்தது. அந்த வரி இல்லாமலே டைப் அடித்து முடித்தேன்.

வியாழக்கிழமை மாலை பள்ளி வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திக் காத்திருந்தார்.

"கணக்கு?"

"சரியா இருக்கு."

"நிஜமாவா? நல்லாப் பார்த்தியா?"

"தப்புத் தப்பாப் போட நான் என்ன உங்க மாதிரி பைலட்டா?"

அப்படியொரு வேடிக்கைப் பேச்சு எங்கிருந்து வந்தது எனக்கு! அவர் சிரித்தார். காகிதங்களை நெஞ்சோடு சேர்த்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். தெருமுனையில் திரும்பும்போது ஒரு கையை உயர்த்தினார். உண்மையை அப்போது கூவிச் சொல்லியிருக்கலாம். மோட்டார் சைக்கிள் சத்தத்தில் கேட்டிருக்காது என்று பிறகு நினைத்துக்கொண்டேன். அதுவும் பொய். கேட்டிருக்கும்.

குறிப்புகள் ஏற்கப்பட்டன. அவர் தாம்பரத்திலேயே இருந்தார்.

ஐந்து மாதங்கள்... என் வாழ்வில் எனக்கென்று கொடுக்கப்பட்டவை அந்த ஐந்து மாதங்கள்தாம். அவற்றில் எதுவும் நடக்கவில்லை! ஞாயிறுதோறும் வந்தார், சாப்பிட்டார், கைகளைச் சுழற்றினார், போனார். வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மேலே ஜெட் போகும். சுண்ணக்கட்டியை நிறுத்துவேன். பிள்ளைகளும் நிறுத்துவார்கள். சத்தம் தேய்ந்ததும் எழுதத் தொடங்குவேன். அவராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அது போதும் எனக்கு. திருடிய பண்டத்தின் ருசி இப்படித்தான் இருக்குமோ? எனக்கு மிக இனிமையாக இருந்தது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

ஒரு ஞாயிறு பழனியை அழைத்து வந்தார். அவரிடம் பயின்ற இளம் விமானி. குன்றத்தூரில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை. உதவித்தொகையில் படித்துப் படைக்குப் போனவன். மீசை அப்போதுதான் ஒழுங்குக்கு வந்துகொண்டிருந்தது. மெஸ்ஸில் இங்கிலீஷ் பேசிப் பேசி நாக்கு வறண்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு மூன்று முறை மோர் வாங்கிக் குடித்தான்.

"அக்கா, சார் பக்கத்துல உக்காந்து சாப்பிடாதீங்க. கையை ஆட்டி ஆட்டி எதிரியைச் சுட்டுடுவாரு. கொழம்பெல்லாம் நம்ம சட்டையில."

"டேய்!" என்றார் ஆல்பர்ட்.

"இன்னா சார், உண்மையத்தானே சொன்னேன்?" என்றவன் என் பக்கம் திரும்பினான். "அந்த நோட்ஸ் நீங்க அடிச்சதாமே அக்கா? சார் சொல்லிட்டாரு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எத்தினி தடவ படிச்சிருக்கேன் தெரியுமா? ஒரு மிஸ்டேக்குகூட இல்ல!"

அவனுக்கு இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அதுதான் நான் செய்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? 'தம்பி, வேகமாக இருக்கும்போது மட்டும் அதைச் செய்துவிடாதே' என்று ஒரு வாக்கியம்! அதைச் சொல்லப் பட்டம் வேண்டுமா, துணிவு வேண்டுமா? என் எதிரில் ஆல்பர்ட் உட்கார்ந்திருந்தார். காலர் மடங்கியிருந்தது. வாயைத் திறந்தால் அந்த மேசை என்னைவிட்டுப் போய்விடும் என்று தோன்றியது.

அதற்குப் பத்தாம் நாள், முற்பகல் இரண்டாம் பாடவேளையில், வானத்தில் சத்தம் நின்றுபோயிற்று. தாம்பரத்தில் இருப்பவர்களுக்கு ஜெட்டின் இரைச்சல் உறைக்காது. அது நின்றால்தான் உறைக்கும். பிள்ளைகள் ஜன்னலைப் பார்த்தார்கள். விழுந்தது ஆல்பர்ட் என்று நினைத்தேன். மாலையில், கோவளம் கடலில் ஒரு விமானம் விழுந்தது, அதில் இருந்தது ஆல்பர்ட் இல்லை, பழனி என்று தெரிந்தது. அப்போது எனக்குள் முதலில் எழுந்தது என்ன தெரியுமா? நிம்மதி! ஒரு தாயின் பிள்ளை கடலில் கிடக்கிறான், எனக்கு நிம்மதி... இதைவிடக் கீழே ஒரு மனம் இறங்க முடியுமா?

மறுநாள் ஆல்பர்ட்டோடு கோவளத்துக்குப் போனேன். தனியாகப் போக அவரால் முடியவில்லை. கரையில் கட்டுமரத்தின்மேல் உட்கார்ந்திருந்த ஒரு மீனவர், நடந்ததைப் பார்த்தவர், எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிக் குரல் கம்மிப்போயிருந்தார்.

"ரெண்டு பேரும் தொரத்திகினு வந்தாங்க சார். முன்னாடி போனது பட்டுனு மல்லாந்துகினு கீய வந்துச்சு. நான் போச்சுனு நென்ச்சேன். ஆனா மூக்க தூக்கிட்டான் சார்! தூக்கிட்டான்! தண்ணி மேல நேரா ஆயிட்டான். வாலு மட்டும் அலைல பட்டுச்சு. ஒரு பனமரம் ஒயரம்... அவ்ளோதான் சார். ஒரு பனமரம் ஒயரம் மட்டும் இருந்திருந்தா பையன் வூட்டுக்குப் போயிருப்பான்."

ஐயாயிரத்துக்குச் சற்றே மேலே. என் கணக்கு சரி! ஆண்டவரே, என் கணக்கு எவ்வளவு சரியாக இருந்தது!

ஆல்பர்ட் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்:

"ரூத்... கணக்கு நாம சரியாத்தானே போட்டோம்?"

நாம் என்றார். என்னையும் சேர்த்துக்கொண்டு என்னைக் காப்பாற்றுகிற சொல் அது.

"சரிதான்" என்றேன்.

முதல் பொய்யை ஆசையில் சொன்னேன் என்று வேண்டுமானால் நீங்கள் இரங்கலாம். இந்த இரண்டாவதை?

விசாரணை நடந்தது. குறிப்புகளின் கணக்கைச் சரிபார்த்தது யார் என்று கேட்டபோது, "நானே" என்று சொல்லியிருக்கிறார். என் பெயர் எங்கும் வரவில்லை. அதிக வேகத்தில், போதாத உயரத்தில் புரண்டது விமானியின் தவறு என்று முடிவாயிற்று. பழனியின் தவறு. அந்தக் குறிப்புகளும் திரும்பப் பெறப்பட்டன.

ஆனால் ஆல்பர்ட் அந்த முடிவை ஏற்கவில்லை. கணக்கு சரியென்றால் தாம் கற்பித்த விதம்தான் தவறாக இருக்க வேண்டும் என்று எண்ணினார். 'எங்கேயோ ஒரு வார்த்தை விட்டுட்டேன் ரூத். எதுன்னு தெரியல' என்று திரும்பத் திரும்பச் சொன்னார். விட்ட வார்த்தை எதுவென்று எனக்குத் தெரியும். எழுத்துக்கு எழுத்துத் தெரியும்!

பறப்பதை விட்டார். பிறகு படையையும் விட்டார். நீலகிரியில் ஒரு பள்ளியில் விடுதிக் காப்பாளராகப் போனார். விடைபெற வந்த அன்று எங்கள் வீட்டு மேசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் பேசும்போது கைகள் அசையாமல் இருந்ததை முதன்முதலாகப் பார்த்தேன்.

"உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்னு நெனச்சிருந்தேன். இனிமே கேக்கறது முறையில்ல. அவனுக்குக் கல்யாணம் ஆகல, குழந்தை இல்ல... நான் மட்டும் எப்படி?"

அம்மா அடுக்களையில் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டேயிருந்தாள்.

ஆண்டுக்கு ஒரு கடிதம் வரும். டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முன். மலையில் பனி, பையன்கள் கம்பளிக்குள் கால்பந்தை ஒளித்துவைக்கிறார்கள், இவ்வாண்டு பேரிக்காய் நன்றாகக் காய்த்தது. கடைசிப் பத்தியில் மட்டும், ஒவ்வோர் ஆண்டும், அதே கேள்வி: அந்தக் கணக்கை இன்னொருமுறை நினைத்துப் பார்த்தாயா? ஏதேனும் தவறியிருக்குமா?

ஒவ்வோர் ஆண்டும் பதில் எழுதினேன்: தவறவில்லை.

நவம்பர் மழை நின்றதும் தபால்காரரின் சைக்கிள் மணிக்குக் காது கொடுக்கத் தொடங்குவேன். எனக்கு வரன்கள் வந்தன, தட்டிக்கழித்தேன். தாம்பரத்தில் புதுத் தெருக்கள் முளைத்தன; குரோம்பேட்டையில் என்னிடம் எழுத்துக் கற்ற பெண்களின் பிள்ளைகள் கல்லூரிக்குப் போனார்கள். எழுபத்தொன்றில் இன்னொரு போர் வந்தது. அவர் மலைமேல் பத்திரமாக இருந்தார். நான் நினைத்தது நடந்தது, பாருங்கள்! அவர் எல்லைக்குப் போகவில்லை. உயிரோடு இருந்தார். எனக்கு இல்லாமல் இருந்தார்.

உண்மையை எழுதினால் அவர் மனம் ஆறும். அதே தபாலில் அவர் என்னை வெறுப்பார். டிசம்பர் கடிதம் நின்றுவிடும். விளைவுகளை எண்ணிப் பார்க்கிறவள் அல்லவா நான்? எண்ணிப் பார்த்தேன். அவருடைய நிம்மதியைவிட, ஆண்டுக்கு ஒரு காகிதம் எனக்குப் பெரிதாக இருந்தது. பத்து ஆண்டுகள் அப்படியே இருந்தது.

பத்தாம் ஆண்டு, டிசம்பர் அல்லாத ஒரு மாதத்தில், கடிதம் வந்தது. பழனியின் தாயைப் பார்க்கப் போகிறேன், மன்னிப்புக் கேட்க வேண்டும், தனியாகப் போகத் துணிவில்லை, உடன் வருவாயா?

போனேன். எப்படிப் போகாமல் இருப்பேன்? பத்து ஆண்டுகளாய்ப் பார்க்காத முகம்! தலை முன்புறம் நரைத்திருந்தது. குன்றத்தூர்ப் பேருந்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வளைவுகளில் அவர் தோள் என்மேல் பட்டது. எங்கே போகிறோம் என்பதை நான் மறந்து மறந்து போனேன் என்றால் நம்புவீர்களா?

மலைக்கோயிலுக்குக் கீழே, நெசவுத் தெருவில், ஒற்றை அறை வீடு. தறி ஓரமாக மூடிக் கிடந்தது. தகப்பனார் இறந்துவிட்டிருந்தார். பழனியின் தாய் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், ஆல்பர்ட் யாரென்று சொன்னதும் முறத்தை வைத்துவிட்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதான் அந்த ஆல்பட் சாரா? லீவுல வந்தா உன் பேச்சுதான் பேசுவான். ஒக்காரு. இது யாரு, உன் சம்சாரமா?"

"இல்லம்மா. டீச்சர். எனக்குத் தெரிஞ்சவங்க."

"அப்டியா? ஜோடி நல்லாத்தான் கீது" என்றவர், எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

ஆல்பர்ட் தரையில் உட்கார்ந்தார். தாம் கற்பித்ததில்தான் பிழை, அவன்மேல் பிழை இல்லை என்று திக்கித் திக்கிச் சொன்னார். அந்த அம்மாள் அழவில்லை.

"இப்ப சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? போனவன் எய்ந்து வருவானா?" முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. அவன் தப்புன்னு ஒரு காயிதம் வந்திச்சு. அத்த ஊர்ல படிச்சவன் ஒருத்தன் படிச்சுச் சொன்னான். அன்னிலருந்து, எம்புள்ள வெளாட்டுத்தனமா வண்டிய கொண்டுபோயி மோதிட்டான்னு ஊரே பேசுது. அவங்கப்பா அத்த கேட்டுகேட்டே செத்தாரு. நீ இப்ப சொன்ன பாரு, அத்த எய்திக் குடு."

"எழுதித் தரேன்மா" என்றார் ஆல்பர்ட். சட்டைப்பையைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ரூத், பேனா இருக்கா?"

கொடுத்தேன்.

எழுதினார். நான் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது சொல்! இப்போது சொல்! என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றடி தூரத்தில் ஒரு தாய். மூன்றடி தூரத்தில் அவர். இதைவிட நல்ல இடம் எனக்கு வாய்க்குமா? அவர் கையெழுத்திட்டுக் காகிதத்தை நீட்டினார்.

"எனக்கு எய்த்து தெரியாதே" என்றார் அந்த அம்மாள். "டீச்சரம்மா, நீ படி. சத்தமா படி. பக்கத்து வூட்டுக்குக் கேக்கட்டும்."

படித்தேன். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாகப் பெண்களுக்கு எழுத்துக் கற்பித்த குரலில், நிறுத்தி நிறுத்தி, தெளிவாகப் படித்தேன்.

'உங்கள் மகன் பழனியின்மேல் எந்தப் பிழையும் இல்லை. அவனுக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை நான் சொல்லாமல் விட்டேன். நான் சொல்லியிருந்தால் அவன் இன்று உயிரோடு இருந்திருப்பான். தவறு என்னுடையது.'

ஒவ்வொரு சொல்லும் உண்மை. அவ்வளவும் என் வாயிலிருந்தே வந்தது. அந்த அறையில் யாருக்கும் தெரியவில்லை. பிறகு கீழே எழுதியிருந்த பெயரைப் படித்தேன். ஆல்பர்ட்.

அந்த அம்மாள் எழுந்து வந்து அவர் தலையில் கை வைத்தார். "போ சார். போய் ஒரு கல்யாணம் காட்சின்னு பண்ணிகினு நல்லாரு. இன்னும் எத்தினி நாளிக்கு இப்டி சுத்திகினு இருப்பே?" என்றார்.

மறுநாள் காலை தாம்பரம் நிலையத்தில் மின்சார ரயிலுக்காக நின்றோம். ஆல்பர்ட்டின் முகம் தெளிந்திருந்தது. ரயிலில் இடம் கிடைக்குமா என்று சொல்லும்போது அவர் கை தானாக மேலே எழுந்து ஒரு வளைவு போட்டது. பத்து ஆண்டுகளுக்குப் பின்! நான் அதற்காக மகிழ்ந்தேன். உண்மையாகவே மகிழ்ந்தேன்.

பிறகு அவர் சொன்னார்:

"இனிமே டிசம்பர்ல லெட்டர் வேண்டாம், ரூத். அந்த ஒரு கேள்வியைக் கேக்கத்தான் ஒவ்வொரு வருஷமும் எழுதினேன். உன்னையும் சேர்த்து வதைச்சிருக்கேன். இனிக் கேக்க ஒண்ணுமில்ல."

ரயில் வந்துகொண்டிருந்தது. ஆல்பர்ட், கணக்கு தவறு... மூன்று சொற்கள்தாம்! சொல்லியிருந்தால் அவர் ரயிலை விட்டிருப்பார். நின்றிருப்பார். என்னைப் பார்த்திருப்பார், எப்படிப்பட்ட பார்வையானாலும்...

"பார்த்து ஏறுங்க" என்றேன்.

மறு ஆண்டு மலையிலேயே அவருக்குத் திருமணம் நடந்ததாகச் சபையில் சொன்னார்கள்.

அவருடைய முகவரி என்னிடம் இருக்கிறது. இதை எழுதுகிற இந்தக் காகிதத்தை அப்படியே மடித்து அவருக்கு அனுப்பலாம். ஆனால் முன்பின் அறியாத உங்களிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் என்று கேட்காதீர்கள். நீங்கள் எழுந்து போய்விட்டால் நான் எதையும் இழக்க மாட்டேன்; அதுதான் காரணம்.

மாதம் ஒருமுறை குன்றத்தூருக்குப் போகிறேன். அந்த அம்மாள் காகிதத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். உறவினர் யாராவது வந்திருப்பார்கள். "டீச்சரம்மா, இவுங்களுக்கும் படிச்சுக் காட்டு" என்பார். உங்களுக்கே எழுத்துக் கற்றுத் தருகிறேன் என்று ஒருமுறை சொன்னேன். "எனக்கு எதுக்கும்மா இந்த வயசுல? நீ படிச்சா நல்லாகீது" என்றுவிட்டார்.

படிக்கிறேன். தவறு என்னுடையது என்பதுவரை படித்து, மூச்சு வாங்குகிறேன். அடுத்து வருவது பெயர். அந்த அம்மாளுக்கு எழுத்துத் தெரியாது. என் பெயரை அங்கே சொல்லிவிடலாம். ஒரே ஒருமுறை சொல்லிவிடலாம்.

சொல்வதில்லை. ஆல்பர்ட் என்றே படிக்கிறேன். அந்தப் பெயரை உரக்கச் சொல்ல எனக்கு உலகத்தில் வேறு இடம் கிடையாது.